தொங்கவிட்ட தயிரும் பேத்தியின் வயிறும்

கேள்வி: எனக்கு வயது 63. தேவகோட்டையில் இருக்கிறேன். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை உண்டு. காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையும் போடுகிறேன். மே மாதம் மகன் குடும்பம் ஜெர்மனியிலிருந்து லீவுக்கு வந்திருந்தது. மருமகள் கெட்டித் தயிரில் வெள்ளரிக்காய், பூண்டு எல்லாம் போட்டு கிரேக்க நாட்டுப் பச்சடி ஒன்று செய்தாள். பேர் ட்ஸாட்ஸிகியாம். தயிரைத் துணியில் கட்டி ராத்திரி முழுக்க அடுப்படிக் குழாயில் தொங்கவிட்டிருந்தாள். எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் மறுநாள் 6 வயதுப் பேத்திக்கு வயிற்றோட்டம். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. தயிரும் வெள்ளரியும் குளிர்ச்சி, இரண்டையும் சேர்த்ததால்தான் இப்படி என்கிறார்கள் வீட்டில். நான் இதைச் செய்து சாப்பிடலாமா? ராத்திரி தொட்டுக்கொள்ளலாமா?

பதில்: பழியை வெள்ளரிக்காய் மேல் போடாதீர்கள், ஆச்சி. தயிரில் வெள்ளரிக்காய் போட்டுப் பச்சடி செய்வது நமக்கு என்ன புதுசா? கல்யாணப் பந்தியில் எத்தனை இலைக்குப் பரிமாறியிருப்பீர்கள்! எனக்குச் சந்தேகம் அந்தக் குழாய் மேல்தான்.

ஜெர்மனியில் வீட்டுக்குள் 20 டிகிரி இருக்கும்போது தயிரைத் தொங்கவிடுவது வேறு, மே மாதம் நம் ஊர் அடுப்படியில் தொங்கவிடுவது வேறு. ராத்திரியிலும் புழுக்கம் இறங்காத மாதம் அது. தயிருக்குப் புளிப்பு ஒரு காவல், உண்மைதான். ஆனால் துணி எது, யார் கை பட்டது, குழாயடியில் மீன் கழுவினார்களா என்பதெல்லாம் இருக்கிறது. வெள்ளரிக்காய் மண்ணோடு வருகிற காய், நாம் அதைப் பச்சையாகப் போடுகிறோம். அப்புறம் அந்தப் பச்சடி மேசையில் எவ்வளவு நேரம் இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. 32 டிகிரிக்கு மேல் வெயில் காய்கிற நாளில் இந்த மாதிரிப் பண்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. இதையெல்லாம் சொன்னாலும், பேத்தி அன்று வழியில் என்ன தண்ணீர் குடித்தாள் என்பது எனக்குத் தெரியாது. தயிரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றச் சாட்சி போதாது.

குழந்தைக்கு மறுபடி போனால், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சரி, செய்முறைக்கு வருவோம். அரை லிட்டர் புளிக்காத கெட்டித் தயிர். வெந்நீரில் கொதிக்கவைத்துக் காயப்போட்ட வெள்ளை வேட்டித் துணி. வடிகட்டியில் துணியை விரித்துத் தயிரை ஊற்றி, அடியில் ஒரு பாத்திரம் வைத்து, அப்படியே ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். ஐந்தாறு மணி நேரத்தில் பாதியாகச் சுண்டி வெண்ணெய் போல உருண்டு நிற்கும். அடியில் இறங்கிய மஞ்சள் தண்ணீரைக் கொட்ட வேண்டாம், சப்பாத்தி மாவு பிசைய அருமையாக இருக்கும். தயிரிலுள்ள கால்சியத்திலும் ஒரு பங்கு அதில்தான் போகிறது.

வெள்ளரிக்காயில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். நான் முதல்முறை செய்தபோது துருவி அப்படியே கலந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் கிண்ணத்தில் மோர்தான் இருந்தது, வீட்டில் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்கள். நுனியைக் கடித்துப் பாருங்கள், கசந்தால் தூக்கிப் போடுங்கள். விதையை வழித்து, துருவி, ஒரு சிட்டிகை உப்பு பிசறிக் கால் மணி நேரம் விட்டு, கைப்பிடியில் இறுக்கிப் பிழியுங்கள். சொட்டு நின்ற பிறகும் இன்னொரு பிழி. அப்புறம் தயிரோடு சேர்த்து, ஒரே ஒரு பல் பூண்டு நசுக்கியது, ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய் ஒரு ஸ்பூன். கிரேக்கர்கள் சதகுப்பை இலை போடுவார்கள், புதினாவும் உண்டு. நமக்குப் புதினா கைக்கு எட்டுகிறது. ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய் ஊற்றிப் பார்க்காதீர்கள், அது இட்லிப் பொடி வாசம் அடிக்கும். மிஞ்சியதை ஃபிரிட்ஜில் மூடி வையுங்கள், இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம்.

இனி உங்கள் உடம்புக்கு. வடித்த தயிரில் புரதம் சாதாரணத் தயிரைவிட ஏறக்குறைய இரு மடங்கு, மாவுச்சத்து குறைவு. சர்க்கரைக்காரருக்குச் சங்கடமில்லை. கடையில் கிரேக்கத் தயிர் என்று விற்கும் பழச்சுவை டப்பாக்களில் சர்க்கரை சேர்த்திருப்பார்கள், அதை வாங்காதீர்கள். பிரஷருக்கு உப்புதான் கவனம். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். வெள்ளரிக்காய்க்குப் பிசறிய சிட்டிகை போதும், கடைசியில் மறுபடி போடாதீர்கள்.

ராத்திரித் தயிர் சளி பிடிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சளி வைரஸால் வருவது. பச்சைப் பூண்டு சிலருக்கு நெஞ்செரிச்சல் கொடுக்கும், அப்படியானால் பகலில் சாப்பிடுங்கள். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடுவதால் ராத்திரித் தயிர் அதோடு மோதாது. காலைப் பலகாரத்துக்குத் தொட்டுக்கொள்ள ஆசைப்பட்டால், மாத்திரைக்கும் தயிருக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள், தயிரிலுள்ள கால்சியம் தைராய்டு மாத்திரையை உடம்பில் முழுதாகச் சேரவிடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் பூண்டை அள்ளிப் போடக் கூடாது. சிறுநீரகக் கோளாறு இருப்பதாகச் சொல்லியிருந்தால் புரத அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று மேசைக்கரண்டி தாராளமாகச் சாப்பிடலாம். எதோடு என்பதுதான் கேள்வி. வெள்ளைப் பணியாரத்தோடு என்றால் பச்சடியைக் குறை சொல்ல மாட்டேன், எண்ணெயில் பொரிந்து வந்த பணியாரம் எத்தனை என்றுதான் கேட்பேன். சப்பாத்தி, சுட்ட கோழி, கேரட் நறுக்கு இவற்றோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த லீவுக்குப் பேத்தி வரும்போது அவளுக்கும் கொடுங்கள், பூண்டு மட்டும் பாதிப் பல் போதும்.