பழைய சீட்டுக்கட்டும் ட்ரம்ப் கார்டும்: செங்கோட்டையிலிருந்து பதில்கள்

சிறுவர்களின் பழைய சீட்டுக்கட்டுகளைச் சேர்ப்பது பற்றி தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இரண்டு பக்கமிருந்தும் வந்த கேள்விகள் இவை. ட்ரம்ப் கார்டு என்றால் வீரர்களின் படமும் கணக்கும் போட்ட சீட்டு, அந்த எண்களை ஒப்பிட்டு ஆடுவது.

புளியரை: அண்ணாச்சி, பரணில் மல்யுத்த ட்ரம்ப் கார்டு கிடைத்தது. எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பெட்டியைப் பாருங்கள் தம்பி. அதில் டபிள்யூ.டபிள்யூ.எஃப் என்று இருந்தால் அநேகமாக 2002-க்கு முந்தையது. அந்த வருஷம் மே மாதம்தான் அந்த மல்யுத்தக் கம்பெனியின் பெயர் டபிள்யூ.டபிள்யூ.இ ஆனது. பழைய அச்சுப் பிளேட்டை வைத்து பின்னாலும் அடித்திருக்கலாம், அதனால் முகவரியையும் சேர்த்துப் பாருங்கள். அச்சடித்த ஊர் சிவகாசி என்றால், அது 1985 வரை ராமநாதபுரம் மாவட்டம், அப்புறம் காமராஜர் மாவட்டம், 1997-லிருந்து விருதுநகர் மாவட்டம். பெட்டியில் எந்த மாவட்டம் இருக்கிறதோ அதை வைத்துக் காலத்தை நெருங்கிவிடலாம். எந்தக் கட்டானாலும் பின்கோடு இருந்தால் 1972-க்கு முன்னால் போகாது. விலை நயா பைசாவில் இருந்தால் 1957-லிருந்து 1964-க்குள்.

கிரிக்கெட் கட்டு என்றால் இன்னும் சுலபம். சச்சின் கார்டில் டெஸ்ட் செஞ்சுரி எத்தனை என்று பாருங்கள். முதல் செஞ்சுரி 1990 ஆகஸ்டில் மான்செஸ்டரில், இரண்டாவது 1992 ஜனவரியில் சிட்னியில். ஒன்று என்று போட்டிருந்தால் அந்தக் கணக்கு இந்த இடைவெளியில் எடுத்தது. இதற்காகத்தான் ஒவ்வொரு கார்டையும் வரி விடாமல் படிக்கச் சொல்கிறேன்.

வண்டிப்பெரியாறு: எஸ்டேட் பங்களா சாமான் ஏலத்தில் ஒரு இங்கிலீஷ் கட்டு வாங்கினேன். 'மிஸ்டர் பன் தி பேக்கர்' என்று ஒரு கார்டு. கட்டு முழுசா இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

அது 'ஹேப்பி ஃபேமிலீஸ்'. 1851 லண்டன் கண்காட்சி சமயத்தில் ஜாக்ஸ் கம்பெனி கொண்டுவந்த ஆட்டம். பிறகு பல கம்பெனிகள் அடித்தன, அதனால் எந்தக் கம்பெனி என்று பெட்டியில் பாருங்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, மகன், மகள் என்று நாலு பேர். எதிராளியிடம் கேட்டுக் கேட்டுக் குடும்பத்தைச் சேர்க்க வேண்டும். பாயில் குடும்பம் குடும்பமாகப் பரப்பினால் எந்த வீட்டில் ஆள் குறைகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

தென்மலை: மழைக்காலத்தில் கார்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன அண்ணாச்சி.

இழுத்துப் பிரிக்காதீர்கள், மையோடு பிய்ந்து வரும். காற்றோட்டமான நிழலில் சில நாள் வைத்து, தானாக விடுகிற ஓரத்திலிருந்து மெதுவாகப் பிரியுங்கள். சாரல் தொடங்கும் முன்பே காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வைத்துவிடுங்கள். ரப்பர் பேண்டு கூடவே கூடாது. இளகி அட்டையில் ஒட்டிக்கொள்ளும். பிவிசி உறையும் அப்படித்தான், பாலிப்ரோப்பிலீன் உறை கேட்டு வாங்குங்கள். லேமினேஷன் போட்டால் கட்டு போயே போச்சு.

குமுளி: ஒரு கார்டின் பின்பக்கம் பால்பேனாவில் ஏதோ ஒரு பிள்ளையின் பெயரும் 'ஆறாம் வகுப்பு பி' என்றும் இருக்கிறது. அழித்துவிடலாமா?

வேண்டாம் அக்கா! அழித்தால் அட்டைதான் உரியும். அதோடு, பத்து வயதில் ஒருவர் உயிராக வைத்திருந்த கட்டு என்பதற்கு அந்த எழுத்துதான் சாட்சி. மூலை தேயாத புதுக்கட்டைவிட இதை எனக்குப் பிடிக்கும்.

ஆரியங்காவு: எங்கே தேடுவது?

பள்ளிக்கூடத்துப் பக்கத்துப் பழைய ஸ்டேஷனரி கடைகளில் 'விற்காத பழைய ஸ்டாக் இருக்கா' என்று கேளுங்கள். பழைய பேப்பர் கடைக்காரரிடமும் சொல்லி வையுங்கள். பெட்டி இல்லாத கட்டுக்குப் பெட்டியோடு இருக்கும் கட்டின் விலையைக் கொடுக்காதீர்கள். வெறும் பெட்டி மட்டும் கிடைத்தாலும் விடாதீர்கள், எடுத்து வையுங்கள்.