புற்றும் தழும்பும்: நுரையீரல் ஆய்வாளரிடம் சில கேள்விகள்

பதினைந்து ஆண்டுகளாக ஜெர்மனியில் ஓர் ஆய்வகத்தில் நுரையீரலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் ஆறு ஆண்டுகள் புற்றுநோய். அதன் பிறகு ஃபைப்ரோசிஸ் என்னும் தழும்பு நோய். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பிஎச்.டி. டாக்டர், ஊசி போடும் டாக்டர் இல்லை. ஸ்கேன் படத்தை அனுப்பி ‘இது என்ன?’ என்று கேட்டால் பதில் வராது. மற்றபடி எதையும் கேட்கலாம்.

கோவில்பட்டி வாசகர்: அம்மா, என் மாமாவுக்கு நுரையீரலில் ஃபைப்ரோசிஸ் என்று சொல்லிவிட்டார்கள். இதுவும் ஒரு வகைப் புற்றுநோயா? வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்கிறார்கள்.

புற்றுநோய் இல்லை. முழங்காலில் அடிபட்ட இடத்தில் தோல் தடித்துத் தழும்பாகிறது அல்லவா, அதுபோல நுரையீரலுக்குள் தழும்பு விழுவதுதான் ஃபைப்ரோசிஸ். காலில் தழும்பு இருந்தால் நடந்துவிடலாம். நுரையீரலில் பல கோடி காற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் மெல்லியது. அதன் வழியாகத்தான் ஆக்சிஜன் இரத்தத்துக்குள் போக வேண்டும். அங்கே நார் படிந்து சுவர் தடித்தால் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும், பிறகு குளிக்கும்போது, பிறகு பேசும்போது.

மாமாவுக்கு வந்திருப்பது எந்த வகை என்று மருத்துவரிடம் கேளுங்கள். இது ஒரு நோயின் பெயரே இல்லை, ஒரு விளைவின் பெயர். நுரையீரல் திசுவைப் பாதிக்கும் இருநூறுக்கும் மேற்பட்ட நோய்களில் பல, தழும்பில்தான் போய் முடிகின்றன. காரணம் தெரியாமல் வருவதை ஐ.பி.எஃப். என்பார்கள். அதுதான் மோசமான வகை. சிகிச்சை இல்லையென்றால் கண்டறிந்த 3 முதல் 5 ஆண்டுகளுக்குள் பாதிப் பேர் இறந்துவிடுகிறார்கள். பல புற்றுநோய்களைவிடக் கொடிய கணக்கு இது. ஆனால் மாமாவுக்கு வந்திருப்பது அதுதானா என்று தெரியாமல் இப்போதே அழ வேண்டாம்.

திருச்சி வாசகி: புற்றுநோயை விட்டுவிட்டு ஏன் இதற்கு வந்தீர்கள்? இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

விட்டுவிட்டு வரவில்லை, அடுத்த அறைக்கு நகர்ந்தேன், அவ்வளவுதான். 1986இல் அமெரிக்க நோய்க்குறியியலாளர் ஹெரால்ட் ட்வோரக், புற்றுக்கட்டியை ஆறாத புண் என்று வர்ணித்து ஒரு கட்டுரை எழுதினார். புண் ஆறுவதற்கு உடல் என்னென்ன வேலைகள் செய்யுமோ அத்தனையையும் கட்டி தன் வளர்ச்சிக்குப் பயன்படுத்திக்கொள்கிறது என்பது அவர் வாதம். ஃபைப்ரோசிஸ் அதன் பங்காளி. புண் ஆறிய பிறகும் வேலையாட்கள் வீட்டுக்குப் போகாமல் சுவர் மேல் சுவர் எழுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த வேலையாட்கள் ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் செல்கள். ‘கட்டு, கட்டு’ என்று அவர்களை முடுக்கும் மேஸ்திரி டி.ஜி.எஃப்.-பீட்டா என்னும் புரதம். இரண்டு நோயிலும் அதே ஆட்கள், அதே மேஸ்திரி.

நின்டெடானிப் என்ற மருந்தே இதற்குச் சாட்சி. கட்டிக்கு இரத்தக் குழாய் வளராமல் தடுக்கவென்று புற்றுநோய் மருந்தாகப் பிறந்தது அது. 2014இல் அமெரிக்காவில் ஐ.பி.எஃப். நோய்க்கு அனுமதி பெற்றது; அதே ஆண்டு ஐரோப்பாவில் வேறொரு வணிகப் பெயரில், ஒரு வகை நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோதெரபியுடன் சேர்த்துக் கொடுக்கவும் அனுமதி கிடைத்தது. ஒரே மூலக்கூறு, இரண்டு அட்டைப் பெட்டிகள்.

வேறுபாடும் பெரிதுதான். புற்றுச் செல் மரபணு கெட்டுப் பெருகி வேறு உறுப்புக்குக் குடிபெயரும். தழும்பு இருந்த இடத்திலேயே இறுகும். சிக்கல் எங்கே என்றால், ஐ.பி.எஃப். உள்ளவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். அதுவும் பெரும்பாலும் தழும்பு அடர்ந்த கீழ்ப்பகுதி ஓரங்களில்தான் முளைக்கிறது. அறுவை செய்யலாமென்றால், கதிர்வீச்சு கொடுக்கலாமென்றால், அதுவே தழும்பு நோயைத் திடீரென்று கொழுந்துவிட்டு எரியச் செய்துவிடக்கூடும். மருத்துவர்கள் கையைப் பிசையும் இடம் இது. நான் அடுத்த அறைக்கு நகர்ந்ததும் இதனால்தான்.

மதுரை, எம்.எஸ்சி. மாணவர்: அக்கா, எலிக்கு எப்படி ஃபைப்ரோசிஸ் வர வைப்பீர்கள்?

சுண்டெலியின் மூச்சுக்குழாய்க்குள் பிளியோமைசின் சில துளிகள் விடுவோம். அதுவே ஒரு புற்றுநோய் மருந்துதான் தம்பி! 1960களில் ஜப்பானின் ஹமாவோ உமேசாவா ஒரு நுண்ணுயிரியிலிருந்து பிரித்தெடுத்தார். விரைப்புற்றுநோய்க்கும் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவுக்கும் கைகொடுத்த மருந்து. ஆனால் சிலருக்கு நுரையீரலைத் தழும்பாக்கியது. அந்தப் பக்கவிளைவைத்தான் எங்கள் துறை கருவியாக்கிக்கொண்டது.

ஒரு வில்லங்கம் உண்டு. இளம் எலிக்கு அந்தத் தழும்பு சில வாரங்களில் தானாகவே ஆறத் தொடங்கிவிடும். மனிதருக்கு ஆறாது. தானாக ஆறும் எலிக்கு எந்த மருந்தைக் கொடுத்தாலும் ‘குணமாக்கியது’ என்று எழுதிவிடலாம். எழுதியும் இருக்கிறார்கள், கட்டுக்கட்டாக. ‘நுரையீரல் நோய்க்குப் புதிய மருந்து கண்டுபிடிப்பு’ என்று செய்தி வந்தால் எலிக்கா மனிதருக்கா என்று மட்டும் பாருங்கள்.

சேலம் வாசகி: என் அத்தை ஒரு நாளும் புகைபிடித்தவர் இல்லை. வீட்டிலும் யாரும் இல்லை. அவருக்கு ஏன் நுரையீரல் புற்றுநோய்?

வருத்தமாக இருக்கிறது. ‘ஒளிந்து புகைத்திருப்பாரோ’ என்று யாராவது கேட்டிருப்பார்கள் என்பதும் தெரியும். கேட்டவர்களிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

புகைதான் முதல் காரணம். 1950இலேயே பிரிட்டனில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் அதைக் காட்டிவிட்டார்கள். டால் அந்த ஆய்வின் நடுவிலேயே தானும் புகையை நிறுத்தினார். ஆனாலும் புகைக்காதவர்களுக்கு வருவது அபூர்வம் இல்லை. ஆசியப் பெண்களிடம் அதிகம் காண்கிறோம். அவர்களில் பலருக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். என்னும் மரபணுவில் மாற்றம் இருக்கும்.

அந்த மாற்றம் மட்டுமே போதாது என்பது 2023இல் தெளிவானது. லண்டன் ஃபிரான்சிஸ் கிரிக் ஆய்வு நிறுவனத்தின் சார்ல்ஸ் ஸ்வான்டன் குழு, புற்று இல்லாத நுரையீரல் திசு மாதிரிகளைச் சோதித்தபோது, அவற்றில் 18 விழுக்காட்டில் ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் கொண்ட செல்கள் ஏற்கெனவே இருந்தன. வயதாகும்போது இப்படிச் சில செல்கள் சேர்வது இயல்பு. அவை பேசாமல் தூங்கும். காற்றிலுள்ள நுண்தூசி உள்ளே போய் அழற்சியைக் கிளப்பி, இன்டர்லூக்கின்-1 பீட்டா என்னும் சமிக்ஞையை வரவழைத்து அவற்றைத் தட்டி எழுப்புகிறது. இங்கேயும் பாருங்கள்: புண், அழற்சி, அதன் பிறகே புற்று.

அத்தைக்கு மரபணுப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருந்தால் அதையே குறிவைக்கும் ஆசிமெர்டினிப் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. சோதனை முடிவு வராமல் சிகிச்சை வகையைத் தீர்மானிப்பது, அவசரம் இருந்தாலொழிய, எனக்கு உடன்பாடில்லாத விஷயம்.

சென்னை, வேளச்சேரி வாசகர்: பால்கனியில் புறாக்கள் கூடு கட்டியிருக்கின்றன. பக்கத்து வீட்டு மாமி நுரையீரல் கெட்டுவிடும் என்கிறார். மிரட்டுகிறாரா?

மாமி சொல்வது சரி. புறா எச்சத்திலும் இறகிலும் உள்ள புரதம் காய்ந்து தூளாகிக் காற்றில் கலந்து, சிலரின் நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும். எல்லோருக்கும் வராது. வந்தவருக்கு ஆண்டுக்கணக்கில் நீடித்தால் தழும்பாகிவிடும். 2017இல் வெளியான இந்தியப் பதிவேட்டு ஆய்வில், இத்தகைய திசு நோயுள்ள 1,084 பேரில் 47 விழுக்காட்டினருக்கு இந்த ஒவ்வாமை வகைதான் இருந்தது. மேலைநாட்டுப் பாடநூல்களில் ஐ.பி.எஃப். முதலிடத்தில் இருக்கும், நம் நாட்டில் அப்படி இல்லை. பறவைகளைப் போலவே, பூஞ்சை பிடித்த ஏர் கூலரும் சந்தேகத்துக்குரியது.

வலை அடியுங்கள். எச்சத்தைக் காய்ந்தபடியே பெருக்காதீர்கள். நனைத்துவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு வழித்தெடுங்கள்.

ஈரோடு வாசகர்: அப்பா ஐ.பி.எஃப். மாத்திரை எட்டு மாதமாகச் சாப்பிடுகிறார். வயிற்றுப்போக்குதான் மிச்சம், மூச்சு சரியாகவில்லை. நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். நின்டெடானிப், பிர்ஃபெனிடோன் இரண்டும் பிரேக். ரிவர்ஸ் கியர் கிடையாது. பெரிய ஆய்வில், மருந்தில்லாதவர்கள் ஓராண்டில் சுமார் 240 மில்லிலிட்டர் மூச்சுக் கொள்ளளவை இழந்தார்கள். நின்டெடானிப் எடுத்தவர்கள் சுமார் 115. இழக்காத அந்த 125 மில்லிலிட்டரை அப்பாவால் உணர முடியாது. அதனால்தான் மருந்து ஒன்றும் செய்யவில்லை என்று தோன்றுகிறது. வயிற்றுப்போக்குக்கு அளவைக் குறைக்கலாம், உடன் வேறு மாத்திரை தரலாம். மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். (பிர்ஃபெனிடோன் என்றால் வெயில் ஆகாது, தோல் வெந்துவிடும்.)

பெயர் வேண்டாம் என்றவர்: நுரையீரலைச் சுத்தம் செய்யும் கசாயப் பொடி?

கசாயம் போவது இரைப்பைக்கு.

தஞ்சாவூர் வாசகி: கணவருக்கு ஆறு மாதமாக வறட்டு இருமல். காசநோய் மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. எதைக் கவனிக்க வேண்டும்?

சளியில் காசநோய்க் கிருமி உண்மையிலேயே கண்டறியப்பட்டதா என்பதை முதலில் கேளுங்கள். எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததுமே காசநோய் என்று முடிவுகட்டுவது நம் நாட்டுப் பழக்கம்; அந்த நிழல் புற்றாகவோ தழும்பாகவோ இருந்தால் மாதங்கள் வீணாகிவிடும்.

அடுத்தது, முதுகின் கீழ்ப்புறம் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். தழும்பு இருந்தால் மூச்சை உள்ளே இழுக்கும்போது ‘சரசர’வென்று ஓர் ஒலி வரும். பிள்ளைகளின் செருப்பில் இருக்கும் ஒட்டுப்பட்டையை மெதுவாகப் பிரித்துப் பாருங்கள், அதே ஒலி. சட்டைக்கு மேலே வைத்துக் கேட்டால் தவறிப்போகும். விரல் நுனிகள் உருண்டு, நகம் கிளி மூக்கு மாதிரி வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இது புற்றிலும் வரும், தழும்பிலும் வரும். சளியில் இரத்தமோ எடைக்குறைவோ இருந்தால் இன்றே நுரையீரல் நிபுணரிடம் போய்விடுங்கள்.

பெங்களூரு வாசகர்: ஸ்டீராய்டு கொடுத்தால் தழும்பு கரையாதா?

வகையைப் பொறுத்தது. ஒவ்வாமை வகையில் தொடக்கத்தில் பலன் தரும். ஐ.பி.எஃப். நோய்க்கும் இருபது முப்பது ஆண்டுகளாக நம்பிக்கையோடு கொடுத்து வந்தோம். ஸ்டீராய்டு, அசதியோபிரின், அசிட்டைல்சிஸ்டீன் மூன்றையும் சேர்த்துக் கொடுப்பதை ஒருவழியாக முறைப்படி சோதித்தார்கள். மருந்து எடுத்தவர்களே அதிகம் இறந்தார்கள். ஆய்வின் அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. முடிவு 2012இல் வெளியானது. அந்தக் கட்டுரையை முதலில் படித்தபோது அட்டவணையை இரண்டு முறை சரிபார்த்தேன்.

காரைக்குடி, பள்ளி ஆசிரியை: உங்கள் ஆய்வகத்தில் ஒரு நாள் எப்படி இருக்கும்?

பெரும்பாலும் மின்னஞ்சலும் எக்செல் கோப்பும்தான். ஆனால் சில நாள் நள்ளிரவில் தொலைபேசி அடிக்கும். யாருக்கோ நுரையீரல் மாற்று அறுவை நடக்கிறது; ஒப்புதல் கொடுத்த நோயாளியின் பழைய நுரையீரல் எங்களிடம் வருகிறது. ஐஸ் பெட்டியைத் திறந்து கையில் எடுத்தாலே தெரியும். நல்ல நுரையீரல் ஆறிப்போன இட்லி மாதிரி அமுங்கி மீளும். இது முற்றிய தேங்காய் மாதிரி இருக்கும், கத்தி நறநறக்கும். வெட்டிய முகத்தில் தேன்கூடு போல ஓட்டைகள்.

மூச்சுக்குழாய் வழியே வெதுவெதுப்பான அகரோஸ் கரைசலைச் செலுத்துவோம். நோன்புக் காலத்தில் வீட்டில் கடற்பாசி இனிப்பு செய்வார்களே, அதே குடும்பம். அது உறைந்ததும் அரை மில்லிமீட்டர் தடிமனில் சீவுவோம். தழும்பேறிய இடங்களில் கரைசல் புகாமல் அடம்பிடிக்கும், விடிந்துவிடும். அந்தச் சீவல்கள் ஊட்டக் கரைசலில் பல நாள் உயிரோடு இருக்கும். எலி பொய் சொன்னாலும் இவை அவ்வளவு எளிதில் சொல்லாது. அதனால் புதிய மருந்துகளை இவற்றில்தான் முதலில் வைத்துப் பார்க்கிறேன். நுண்ணோக்கியில் மூச்சுக்குழாய் ஓரத்தைப் பார்த்தால், காற்றடிக்கும் நாற்றங்கால் மாதிரி மெல்லிய இழைகள் இன்னும் அசைந்துகொண்டிருக்கும். யாருடையது என்று எனக்குத் தெரியாது. வயதும் ஆணா பெண்ணா என்பதும் மட்டும் சீட்டில் இருக்கும்.

மீண்டும் கோவில்பட்டி வாசகர்: நீங்கள் சொன்னபடி கேட்டோம் அம்மா. ஐ.பி.எஃப். இல்லையாம், பறவை ஒவ்வாமை வகையாம். மாமா இருபது வருடமாகப் பந்தயப் புறா வளர்க்கிறார். முகக்கவசம் போட்டுக்கொண்டு வளர்க்கலாமா என்று கேட்கிறார்.

கூடாது. இந்த வகையில் காரணத்தை அகற்றுவதுதான் முதல் மருந்து. அதை விட்டுவிட்டு ஸ்டீராய்டு கொடுத்தால், குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பது போலத்தான். புறாக்களை வேறு வீட்டுக்கு அனுப்புங்கள், மொட்டை மாடிக்கு மாற்றினால் போதாது. கூண்டை மாமா கழுவ வேண்டாம். இறகுத் தலையணை இருந்தால் அதுவும் போகட்டும். புறாக்கள் போன பிறகும் தூசி பல மாதம் வீட்டில் தங்கும். பரண், ஜன்னல் திரை, பழைய மெத்தை எல்லாவற்றையும் அவர் ஊரில் இல்லாத நாளில் சுத்தம் செய்யுங்கள்.