கொடுமணலில் இருந்து கொடுங்கல்லூருக்கு: கேள்வி பதில்

லீவுக்கு மலையாளக் கரைக்குக் கிளம்புகிற நம்ம பக்கத்து ஆட்கள் கேட்ட கேள்விகளுக்கு, ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர் தரும் பதில்கள்.

சென்னிமலை: டீச்சர், குடும்பத்தோட கேரளா போறோமுங்க. ஆலப்புழை படகு வீடு மட்டும் பாத்தா போதுமுங்களா?

ஆலப்புழைக்கும் போங்க. ஆனா சென்னிமலைக்காரங்க முதல்ல போக வேண்டியது கொடுங்கல்லூருங்க. உங்களுக்குப் பக்கத்துல, நொய்யல் கரையில இருக்குதே கொடுமணல், அங்க சங்க காலத்துலயே கல்லை அறுத்து, தேய்ச்சு, ஊசி நுழையற அளவுக்குத் துளை போட்டு மணி செஞ்சாங்க. பதிற்றுப்பத்து அந்த ஊரைக் கொடுமணம்னு பாடுது. காங்கயம் பக்கம் படியூர்ல கடல்நீர் நிறத்துல பச்சைக்கல் கிடைச்சது. இந்தச் சரக்கெல்லாம் பாலக்காட்டுக் கணவாய் வழியா மேற்குக் கரைக்குப் போச்சு. அங்க பெரியாறு கடல்ல சேர்ற இடத்துல முசிறித் துறை. யவனர், அதாவது கிரேக்க, ரோமானிய நாட்டுக்காரங்க கப்பல் பொன்னோட வந்து மிளகோட திரும்புச்சுன்னு அகநானூறு சொல்லுது. கோவை வெள்ளலூர்ல கிடைச்ச ரோமானியக் காசுக அந்த வணிகத்துக்குச் சாட்சி.

கொடுங்கல்லூருக்குத் தெக்கே பட்டணம்னு ஒரு சின்ன ஊர். 2007ல அங்க தோண்ட ஆரம்பிச்சாங்க. மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடி ஓடு, கல்மணி, மிளகு, ஒரே ஆஞ்சிலி மரத்தைக் குடைஞ்ச படகு எல்லாம் வந்துச்சு. அதுதான் முசிறின்னு பல ஆய்வாளர்கள் கருதறாங்க. நம்ம ஊர்ப் பட்டறைக்கு அதுதான் துறைமுகம். குழந்தைகளுக்கு முதல்ல கொடுமணலைக் காட்டிட்டு அப்புறம் அங்க கூட்டிட்டுப் போங்க.

பல்லடம்: கணவாய்ங்கறீங்க, பஸ்ஸுல போறப்ப மலை ஏறுன மாதிரியே தெரியலீங்களே?

ஏற வேண்டியதே இல்லீங்க. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவுல சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடரே விட்டுப்போயிருக்குது. உங்க ஊர்க் காத்தாலைகளைச் சுத்த வைக்கற ஆடிக் காத்து இந்த வழியாத்தான் வருது. மழையைப் பெரும்பாலும் அந்தப் பக்கமே கொட்டிட்டு வந்துருது. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் அங்க போனா நனையத் தயாராப் போங்க.

அவிநாசி: அப்பா அம்மாவுக்குக் கோயில் எதாச்சும் சொல்லுங்க டீச்சர்.

திருவஞ்சைக்களம். மலைநாட்டுல இருக்கற ஒரே தேவாரப் பாடல் பெற்ற தலம், கொடுங்கல்லூர்லயே இருக்குது. சேர நாட்டு ராஜா சேரமான் பெருமாள் குடுத்த பொருளோட திரும்பின சுந்தரரைத் திருமுருகன்பூண்டியில வேடர் வழிமறிச்ச கதை உங்களுக்கு நான் சொல்லணுமா? அந்தச் சேரமான் ஊருதாங்க இது. ஆம்பளைங்க வேட்டி கட்டிட்டு, சட்டையைக் கழட்டிட்டுத்தான் உள்ள போகணும்.

கோபி: நாங்க நெல்லு போடறவங்க. அங்க பாக்கற மாதிரி வெள்ளாமை இருக்குதுங்களா?

வடக்கன் பறவூர், வைப்பின் பக்கம் பொக்காளி வயலைக் கட்டாயம் பாருங்க. கடல்தண்ணி ஏறி இறங்கற உப்பு நிலம் அது. கோடையில மண்ணைக் குவிச்சு மேடு மேடாப் போட்டு வெப்பாங்க. மழை வந்து உப்பைக் கழுவுனதும் அந்த மேட்டு மேலயே முளைகட்டுன விதையைத் தூவுவாங்க. நாத்து வளந்ததும் மேட்டை வெட்டி, மண்ணோட வயல்ல பரப்பிடுவாங்க. அறுப்புல கதிரை மட்டும் அறுத்துட்டுத் தாளைத் தண்ணியிலயே விட்டுருவாங்க. அது அழுகுனா அடுத்து வர்ற இறாலுக்குத் தீனி. உரம், மருந்து எதுவும் இல்லாம நடக்கற வெள்ளாமை. இப்பக் குறைஞ்சுட்டே வருதுங்கறது எனக்குப் பெரிய வருத்தம்.

பொள்ளாச்சி: கொச்சிக்கு ஒரு நாள் போதுமுங்களா?

கோட்டைக் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் போதும். வாஸ்கோ ட காமாவை 1524ல புதைச்ச பிரான்சிஸ் சர்ச், 1568ல கட்டுன யூதர் கோயில், கல்லுகளைக் கயித்துல எடைக்குக் கட்டித் தூக்கற சீன வலை எல்லாம் கிட்டக் கிட்டத்தான். யூதர் கோயில் சனிக்கிழமை திறக்க மாட்டாங்க, பாத்துக்குங்க.

காங்கயம்: எங்க வீட்டுல யாரும் மீன் தொட மாட்டாங்க. சாப்பாட்டுக்கு என்னங்க பண்றது?

காலையில புட்டும் கடலைக் கறியும், மத்தியானம் மட்டையரிசிங்கற சிவப்பரிசிச் சோறு, அவியல், பூசணியும் தேங்காயும் போட்ட எரிசேரி. குழம்பு மட்டும் என்னதுன்னு கேட்டுட்டு ஊத்தச் சொல்லுங்க.