குத்தகை நில வீட்டை விற்று மலேசியாவின் ஈப்போவில் வாங்கலாமா?

அண்ணே, சுங்கை சிப்புட் வீட்டை வாங்க ஆள் கிடைத்துவிட்டார், அந்தப் பணத்தை நம்பி ஈப்போ வீட்டுக்கு முன்பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் கிராண்டை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, எடுத்துப் பாருங்கள். குத்தகை நிலம் (குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டும் அரசு தந்தது), மாநில அரசின் அனுமதியில்லாமல் கைமாற்றக்கூடாது என்று அதில் இருந்தால், வாங்குபவர் விலையில் மீதி 90 விழுக்காட்டைக் கட்டும் மூன்று மாதக் கெடு பெரும்பாலும் அந்த அனுமதி வந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். அதுவரை உங்கள் கணக்கில் இருப்பது 10 விழுக்காடுதான். வாங்கி ஐந்து வருடம் ஆகாவிட்டால் சொத்து விற்ற லாபத்துக்கான ஆதாய வரிக்காக, அதிலிருந்தும் விற்பனை விலையின் 3 விழுக்காட்டை லாயர் பிடித்துவைப்பார்.

அப்புறம், வாங்குபவரின் லோன் கடிதத்தைக் கேளுங்கள். வங்கி மதிப்பீடு பேசிய விலைக்குக் கீழே வந்தால் மிச்சத்தை அவர் ரொக்கமாகப் போடவேண்டும். ஏஜெண்டு இதைப் பற்றி வாயே திறக்கமாட்டார்.