பீரோவிலிருந்து இறங்கிய பிலிம் கேமரா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பிலிம் கேமரா பற்றிய கடிதங்கள் மறுபடியும் வரத் தொடங்கியிருக்கின்றன. எழுதுகிறவர்களில் பலர் பிலிம் ரோலைக் கையில் தொடாமலே வளர்ந்தவர்கள். ஆகவே பழைய ஆட்களுக்குத் தெரிந்த சில விஷயங்களையும் விளக்கியே சொல்கிறேன். தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு இருந்த, சட்டைப்பையில் அடங்கும் தானியங்கி கேமராக்களைப் பற்றி மட்டுமே இங்கே பேச்சு.

கேள்வி: அப்பா 1998-ல் வாங்கிய ஒலிம்பஸ் மியூ 2 கேமரா பீரோவில் கிடைத்தது. மூடியை நகர்த்தினால் ஒரு சத்தமும் இல்லை. பழுதாகிவிட்டதா?

பேட்டரி செத்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதற்குத் தேவை சி.ஆர்.123ஏ என்ற 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. சுவர்க் கடிகாரத்து செல் பொருந்தாது. அதே அளவில் ரீசார்ஜ் செய்யும் வகையும் கிடைக்கிறது. அதில் சிலவற்றின் மின்னழுத்தம் 3 வோல்ட்டுக்கு மேல் போகும் என்பதால் இந்தக் கேமராவுக்கு வேண்டாம்.

பேட்டரி போடுவதற்கு முன் கேமராவின் முதுகில் உள்ள சிறிய கண்ணாடி ஜன்னலைப் பாருங்கள். உள்ளே பிலிம் உருளையின் எழுத்துகள் தெரிந்தால் பின்கதவைத் திறக்கவே கூடாது, வெளிச்சம் பட்டால் பிலிம் வீணாகிவிடும். அப்பா பாதியில் விட்ட ரோலாக இருக்கலாம். புது பேட்டரி போட்டு, அடிப்பக்கத்தில் குழிக்குள் இருக்கும் ரீவைண்ட் பொத்தானைப் பேனா முனையால் அழுத்துங்கள். மோட்டார் ஓடிப் பிலிமை உருளைக்குள் சுற்றிவிட்டு நிற்கும். அதன் பிறகு திறக்கலாம். இத்தனை வருடம் கிடந்த பிலிமில் நிறம் மங்கிப் புகைமூட்டமாகத்தான் படம் வரும். ஆனாலும் பிலிமை மருந்தில் கழுவிப் படம் எடுத்துத் தரும் லேபில் கழுவக் கொடுங்கள், அதில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

பேட்டரி மாற்றியும் உயிர் வரவில்லை என்றால் தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லாதீர்கள். பிளாஷுக்கான மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் தேங்கி நிற்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது நெடுநேரம் அங்கேயே இருக்கலாம். விரல் பட்டால் தூக்கி எறியும். உதிரி பாகங்களும் இப்போது தயாராவதில்லை. செத்த இன்னொரு கேமராவைப் பிரித்து எடுத்தால்தான் உண்டு.

கேள்வி: வேலை செய்யும் கேமராதான். ஆனால் நானும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படங்களில் பின்னால் இருக்கும் சுவர் பளிச்சென்று இருக்கிறது, எங்கள் முகம் கலங்கலாக இருக்கிறது. லென்ஸ் கோளாறா?

லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். கேமரா நீங்கள் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. சொன்னது மட்டும் தவறு.

இந்த வகைக் கேமராக்களில் பல, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை முன்னால் அனுப்புகின்றன. அது எதிரில் பட்டுத் திரும்பி வரும் கோணத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகின்றன. 1979-ல் கேனான் ஏ.எஃப்.35எம் இந்த முறையோடுதான் வந்தது. கதிர் போவது படத்தின் நடுப்பகுதியை நோக்கி. கண் வைத்துப் பார்க்கும் ஜன்னலான வியூஃபைண்டருக்குள் நடுவில் ஒரு சிறு குறி தெரிகிறதல்லவா, அதுதான் கேமராவின் கண். நீங்கள் இருவரும் இடமும் வலமுமாக நின்றால் அந்தக் குறி உங்களுக்கு இடையே உள்ள இடைவெளி வழியாகச் சுவரில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மியூ 2 போன்றவை ஒன்றுக்கு மேற்பட்ட கதிர்களை அனுப்பி இந்தத் தவற்றைக் குறைக்கப் பார்க்கின்றன. முழுதாக ஒழிப்பதில்லை.

தீர்வு விரல் நுனியில் இருக்கிறது. நடுக்குறியைத் தங்கையின் முகத்தில் வைத்து ஷட்டர் பொத்தானைப் பாதி மட்டும் அழுத்துங்கள். வியூஃபைண்டர் ஓரத்தில் பச்சை விளக்கு நிலையாக எரியும். தூரம் பூட்டப்பட்டது என்று அர்த்தம். விரலை எடுக்காமல், அரை அழுத்தத்திலேயே வைத்துக்கொண்டு, கேமராவை நகர்த்தி இருவரையும் சட்டத்துக்குள் கொண்டுவந்து மீதியையும் அழுத்துங்கள். பச்சை விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மிக அருகில் போய்விட்டீர்கள், ஓர் அடி பின்னால் வாருங்கள். எவ்வளவு நெருங்கலாம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். மியூ 2 சுமார் 35 சென்டிமீட்டர் வரை விடும். பல சாதாரண மாடல்களுக்கு 60 சென்டிமீட்டருக்கு மேல் தேவை. அரை அழுத்தம் விரலுக்குப் பழக வேண்டும். பிலிம் போடாமல் வெறும் கேமராவில் பழகுங்கள், காசு மிச்சம்.

இன்னொன்று: பஸ் ஜன்னல் கண்ணாடி வழியாக மலையை எடுத்தால் கதிர் கண்ணாடியிலேயே பட்டுத் திரும்பிவிடலாம், மலை கலங்கிவிடும். மலைப்படக் குறியுள்ள பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள். இல்லாவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு எடுங்கள். முன்பக்கத்தில் கதிர் போய்வரும் சிறு ஜன்னல்களை உங்கள் விரலே மறைத்தாலும் இதே கதிதான். லென்ஸ் வழியாகப் பார்க்காத கேமரா என்பதால் விரல் மறைப்பது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

கேள்வி: ராத்திரியில் தேர் எடுத்தேன். முன்னால் நின்றவர்களின் பின்மண்டை வெள்ளையாக, தேர் கறுப்பாக வந்திருக்கிறது.

உங்கள் கேமரா இருட்டைக் கண்டதும் பிளாஷ் அடித்திருக்கிறது. பிலிம் எவ்வளவு குறைந்த ஒளியில் வேலை செய்யும் என்பதைக் காட்டும் எண் ஐ.எஸ்.ஓ.; எண் கூடினால் குறைந்த ஒளியே போதும். பிளாஷ் எட்டும் தூரம் ஐ.எஸ்.ஓ. 100 பிலிமில் சுமார் 4 மீட்டர். 400 பிலிம் போட்டால் அது இரட்டிப்பாகும், அவ்வளவுதான். தேர் இருந்ததோ அதைத் தாண்டி. பிளாஷை நிறுத்துங்கள். மின்னலைக் குறுக்கே அடித்தது போன்ற குறி திரையில் வரும்வரை பொத்தானை அழுத்துங்கள். அப்போது ஒளியை உள்ளே விடும் ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்கும் என்பதால் கையில் பிடித்தால் படம் ஆடும். மதில் மேலோ கம்பத்தின் மேலோ கேமராவை அழுத்தி வைத்து, தானாக எடுக்கும் டைமரைப் போட்டுவிட்டு விரலை எடுத்துவிடுங்கள்.

மியூ வரிசையில் ஒரு தொல்லை உண்டு. மூடியை மூடித் திறந்தால் பிளாஷ் மறுபடி தானியங்கிக்குப் போய்விடும். ஒவ்வொரு முறையும் மறக்காமல் நிறுத்த வேண்டும். இதை வடிவமைத்தவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

பகலில் இதற்கு நேர்மாறு. உச்சி வெயிலில், அல்லது ஜன்னலுக்கு முன் நிற்கும் ஆளை எடுக்கும்போது பிளாஷைக் கட்டாயமாக எரிய வையுங்கள். முகத்தில் விழும் நிழல் குறையும்.

கேள்வி: எந்த பிலிம் வாங்குவது? விலை குறைவாக ஒருவர் சினிமா பிலிமை உருளையில் சுற்றித் தருகிறார்.

இந்தக் கேமராக்களில் ஐ.எஸ்.ஓ. எண்ணை நாமே வைக்க வழி இருப்பது அபூர்வம். உருளையின் மேல் உள்ள வெள்ளி, கறுப்புச் சதுரங்களைத் தொட்டுப் பார்த்து கேமரா தானே தெரிந்துகொள்ளும். கோடாக் 1983-ல் கொண்டுவந்த டி.எக்ஸ். குறியீடு அது. அந்தச் சதுரங்கள் இல்லாத உருளையைப் போட்டால் பல கேமராக்கள் 100 என்று எடுத்துக்கொள்ளும். உள்ளே 400 பிலிம் இருந்தால் தேவைக்கு மேல் ஒளி விழும். கலர் நெகட்டிவ், அதாவது கடையில் கிடைக்கும் சாதாரணக் கலர் பிலிம், அதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், குறைவான ஒளியைத்தான் தாங்காது.

சினிமா பிலிமில் வேறு சிக்கல். அதில் பலவற்றின் முதுகில் ஒரு கரிப்பூச்சு இருக்கும். சாதாரண கலர் லேபில் கழுவும் சி-41 முறையில் அதைப் போட்டால் கரி கரைந்து மருந்தையும் இயந்திரத்தையும் கெடுத்துவிடும். பூச்சு இல்லாததா, நீக்கப்பட்டதா என்று விற்பவரிடம் கேளுங்கள். லேபில் கொடுக்கும்போதும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கொடுப்பது அடுத்தவர் பிலிமையும் கெடுக்கும் வேலை.

முதல் ரோலுக்கு என்னைக் கேட்டால், கடையில் பெட்டியோடு விற்கும் சாதாரண 400 கலர் நெகட்டிவ். இந்தச் சிறிய லென்ஸ்களுக்கு ஒளி எப்போதும் போதாது.

கேள்வி: புகழ்பெற்ற மாடல் ஒன்று இன்ஸ்டாகிராமில் முப்பதாயிரத்துக்கு வருகிறது. 'சோதித்தது, திருப்பி எடுக்கப்படாது' என்று போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா?

நான் வாங்க மாட்டேன். கான்டாக்ஸ் டி2, யாஷிகா டி4, மியூ 2 எல்லாமே நல்ல லென்ஸ் உள்ளவைதான், மறுக்கவில்லை. ஆனால் பிரபலங்கள் கழுத்தில் தொங்கியதால் ஏறிய விலையில் ஒரு பங்குகூட லென்ஸுக்குரியது அல்ல. நாளையே உள்ளே இருக்கும் சர்க்யூட் போனால் முப்பதாயிரமும் காகிதம் அழுத்தும் கல்லாகிவிடும். ஜூம் இல்லாத, 35 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள, பேர் தெரியாத மாடல் பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தால் அதை வாங்கிவிட்டு மிச்சத்தைப் பிலிமுக்குச் செலவழியுங்கள்.

வாங்குவதானால் நேரில் போங்கள், பேட்டரியைக் கையோடு கொண்டுபோங்கள். பின்கதவைத் திறந்து லென்ஸை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் வெளிச்சத்தில் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளைத்த கோடுகள் தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஊர்க் கேமராக்களில் இது சகஜம். கதவு விளிம்பில் உள்ள கறுப்பு நுரை விரலில் ஒட்டினால் வெளிச்சம் கசியும். அதை மாற்றலாம், விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். பிறகு காலாவதியான பிலிம் ஒன்றைப் போட்டு நாலைந்து படம் எடுத்துப் பாருங்கள். மோட்டார் பிலிமை இழுக்கிறதா, எண் மாறுகிறதா என்பது பிலிம் உள்ளே இருந்தால்தான் தெரியும். பிளாஷ் எரிகிறதா என்றும் பாருங்கள். சில மாடல்கள் போட்டவுடன் முழு ரோலையும் வெளியே இழுத்துவிட்டு, எண்ணைக் கீழ்நோக்கி எண்ணும். பயப்பட வேண்டாம், அது பழுதல்ல.

'திருப்பி எடுக்கப்படாது' என்பதைப் பார்த்து ஒதுங்கிப் போகவும் வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படிக் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திருப்பி எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை. பில் தராமல் இருப்பதும் அதே. தொடர்ந்து தொழிலாக இணையத்தில் விற்பவருக்கு 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும் பொருந்தும். விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லை என்றால் அவர் திருப்பி எடுக்க மறுக்க முடியாது. ஆனால் தன் வீட்டுக் கேமரா ஒன்றை மட்டும் விற்கும் தனிநபர் இந்த விதிகளுக்கு வெளியே இருக்கிறார். அவரிடம் கண்ணும் கையும்தான் காவல். எதற்கும் 'சோதித்தது' என்ற அந்த விளம்பரத்தையும் அவர் அனுப்பிய செய்திகளையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லேபில் என் ரோலைத் தொலைத்துவிட்டு, ரசீதின் பின்னால் அச்சடித்ததைக் காட்டி ஒரு புது ரோல் தருகிறேன் என்கிறார்கள்.

அந்த அச்சு வாசகம் உங்கள் கையைக் கட்டிவிடாது. சேவைக் குறைபாடு என்று எழுத்தில் புகார் கொடுங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பேசுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, 2 ஆண்டு அவகாசம் உண்டு. கல்யாணம், காதுகுத்து போன்ற திரும்ப வராத படங்கள் என்றால் கொடுக்கும்போதே ரசீதில் அதைக் குறிக்கச் சொல்லுங்கள். நஷ்ட ஈடு கேட்கும்போது அந்த ஒரு வரி பேசும்.

கேள்வி: விமானத்தில் பிலிம் கொண்டுபோகலாமா?

கைப்பையில் மட்டும். ஏற்றிவிடும் பெட்டியில் வைத்தால் அங்குள்ள கதிர் பிலிமைக் கெடுத்துவிடும். சில விமான நிலையங்களில் கைப்பைக்கே, பல கோணங்களில் ஊடுருவிப் பார்க்கும் புதிய சி.டி. ஸ்கேனர் வந்துவிட்டது, அதுவும் பிலிமுக்கு ஆகாது. ரோல்களைத் தனியாக ஒரு கண்ணாடிப் பையில் போட்டு, கையால் பார்க்கும்படி கேளுங்கள். கேமராவுக்குள் பிலிம் போட்டபடி போகாதீர்கள்.

கேள்வி: படத்தின் மூலையில் தேதி விழும் கேமராவில் இந்த ஆண்டை வைக்க முடியவில்லை. ஏன்?

அந்தக் கடிகாரம் பல மாடல்களில் 2019-ஓடு முடிந்துவிடுகிறது. தேதியை அணைத்துவிடுங்கள். அல்லது 1998 என்றே வைத்துக்கொள்ளுங்கள், இன்றைய பிள்ளைகள் அதற்குத்தான் ஆசைப்படுகிறார்கள்.