எண்ணெய்க் கிணறே இல்லாத ஊரில் எண்ணெய்ப் படிப்பு எதற்கு?

சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து ஓர் அப்பா எழுதியிருந்தார். மகள் உயர்நிலை நான்கு. ஓ நிலைத் தேர்வு முடிந்ததும் பாலிடெக்னிக்கில் கெமிக்கல் என்ஜினியரிங்தான் என்று ஒரே பிடியாக நிற்கிறாளாம். இவரே எண்ணெய், ரசாயன ஆலைகள் நிறைந்த ஜூரோங் தீவில் பல வருஷமாக ஷிப்டு பார்ப்பவர். "ஷெல்லே புக்கோம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை வித்துட்டான், இவ படிச்சு முடிக்கிறதுக்குள்ள எண்ணெயே தீர்ந்துரும் போல, கம்ப்யூட்டர் படிம்மான்னா கேக்க மாட்டேங்குறா" என்கிறார். இதே கவலை வேறு சில வீடுகளிலும் இருப்பதால் எல்லாருக்குமாகச் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

அண்ணே, தீர்ந்துபோகும் என்ற பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். இருப்பு என்று கணக்குக் காட்டுவது பூமிக்கடியில் கிடக்கும் மொத்த எண்ணெயை அல்ல, இன்றைய விலைக்கும் இன்றைய தொழில்நுட்பத்துக்கும் கட்டுப்படியாகிற மாதிரி எடுக்க முடிகிற அளவை மட்டும்தான். விலை ஏறினால் இருப்பும் ஏறும், புதுக் கருவி வந்தால் மறுபடி ஏறும். 1980 வாக்கில் கணக்குப் போட்டபோது முப்பது வருஷத்துக்குத்தான் வரும் என்று வந்தது. நாற்பது வருஷம் எடுத்துத் தீர்த்த பிறகு போட்டால் ஐம்பது வருஷம் வருகிறது.

பயப்பட வேண்டியது விலையைப் பார்த்துத்தான். 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்றது, 2016 தொடக்கத்தில் 30க்குக் கீழே விழுந்தது, நம் ஊரில் எண்ணெய்த் துரப்பண மேடை கட்டும் யார்டுகளில் எத்தனை பேருக்கு வேலை போனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஏப்ரல் 20ஆம் தேதி அமெரிக்கச் சந்தையில் மைனஸ் 37 டாலருக்குப் போனது, அதாவது எண்ணெயை எடுத்துக்கொள்ளக் கையில் காசும் கொடுத்தார்கள்.

சரி, இருப்பு நிறைய இருந்தால் நாடு பிழைத்துக்கொள்ளுமா? வெனிசுவேலாவைப் பாருங்கள். உலகிலேயே அதிக இருப்பு அவர்களிடம்தான், சுமார் 300 பில்லியன் பீப்பாய், சவூதியைவிட அதிகம். அதில் பெரும்பகுதி ஒரினோகோ பகுதியில் கிடக்கும் தார் மாதிரிக் கெட்டியான சரக்கு. அப்படியே குழாயில் ஓடாது, லேசான எண்ணெயைக் கலந்து இளக்கித்தான் அனுப்ப வேண்டும். அதைச் செய்யக் கைதேர்ந்த ஆட்கள் வேண்டும் அல்லவா? 2002 கடைசியில் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பதிலடியாக அரசு எண்ணெய் நிறுவனத்திலிருந்து ஏறக்குறைய 18,000 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பொறியாளர்களில் பலர் கொலம்பியாவுக்கும் கனடாவுக்கும் போய் அங்கே எண்ணெய் எடுக்க ஆரம்பித்தார்கள். இருப்பு இருந்த இடத்திலேயே கிடந்தது. ஏற்றுமதி வருமானம் ஏறக்குறைய முழுக்க எண்ணெயை நம்பியே இருந்ததால் 2014க்குப் பிறகு விலை விழுந்தபோது நாடும் சேர்ந்து விழுந்தது, 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று, பெற்றோர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. ஃபாரூக் அல்-காசிம் இராக்கில் பெட்ரோலிய நிலவியலாளர், நல்ல உத்தியோகம். மகனுக்குப் பெருமூளை வாதம், அதற்குச் சிகிச்சை வேண்டுமென்று 1968ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மனைவியின் நாடான நார்வேக்கு வருகிறார். காலையில் ஆஸ்லோவில் இறங்கினால் மனைவியின் ஊருக்கு ரயில் மாலையில்தான். சும்மா இருப்பானேன் என்று தொழில்துறை அமைச்சுக்குப் போய், இங்கே எந்தெந்த எண்ணெய்க் கம்பெனிகள் இருக்கின்றன, பட்டியல் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். அங்கேயோ வடகடலில் தோண்டிய கிணறுகளின் தரவு குவிந்து கிடக்கிறது, படித்துச் சொல்ல ஆளில்லை. அன்றைக்கே பேச்சுவார்த்தை நடந்தது, பிறகு வேலையும் அமைந்தது. அடுத்த வருஷம் அதே கடலில் எக்கோஃபிஸ்க் என்ற எண்ணெய் வயலைக் கண்டுபிடித்தார்கள். அந்த நாட்டு எண்ணெய்க் கொள்கையை வகுத்தவர்களில் அவரும் ஒருவர். அப்புறம் 1990ல் சட்டம் போட்டு, எண்ணெய்ப் பணத்தை வெளிநாட்டில்தான் முதலீடு செய்ய வேண்டும் என்று ஒரு நிதியை வைத்தார்கள். உள்ளூரில் இறைத்தால் நாணய மதிப்பு ஏறி மற்ற ஏற்றுமதித் தொழில்கள் படுத்துவிடும், நெதர்லாந்து எரிவாயு கண்டபிறகு பட்ட பாடு அது. இன்று அந்த நிதி ஒன்றரை டிரில்லியன் அமெரிக்க டாலரைத் தாண்டி நிற்கிறது. (நார்வேக்காரர்களுக்கு வீட்டில் மின்சாரக் கார், வெளியே விற்பது கச்சா எண்ணெய். சாமர்த்தியமா பாசாங்கா என்று தனியாகப் பட்டிமன்றமே வைக்கலாம்.)

நம் ஊரில் மண்ணுக்கடியில் ஒரு சொட்டு கிடையாது, இருப்பதெல்லாம் கையாளத் தெரிந்த ஆட்கள்தான். ஏழு குட்டித் தீவுகளை ஒட்டி ஜூரோங் தீவை உண்டாக்கியது போதாதென்று, கடலடிக்கும் கீழே சுமார் 130 மீட்டர் ஆழத்தில் பாறையைக் குடைந்து 2014ல் எண்ணெய்க் கிடங்கு திறந்தார்கள். கப்பலுக்கு எரிபொருள் நிரப்புவதில் உலகிலேயே பெரிய துறைமுகம் நம்முடையது. அதில் ஒரு பழைய தில்லுமுல்லு உண்டு, எண்ணெய்க்குள் காற்றை ஊதி நுரைக்க வைத்து, அளவு நாடாவை இறக்கிப் பார்த்தால் நிறைய இருப்பதுபோல் காட்டுவார்கள், துறைமுகத்தில் அதற்குப் பெயர் கப்புச்சினோ. 2017 ஜனவரி முதல் எடையைக் கணக்கிடும் மாஸ் ஃப்ளோ மீட்டர் கட்டாயம் என்று உலகத் துறைமுகங்களிலேயே முதலில் சிங்கப்பூர்தான் சட்டம் போட்டது. அந்த மீட்டர் காட்டும் கோட்டைப் பார்த்து, குழாயில் காற்று வருகிறதா எண்ணெய் வருகிறதா என்று சொல்பவர்களுக்கு அடிப்படை கெமிக்கல் என்ஜினியரிங்கில் வரும் பாடம்தான். நாளைக்கு அதே குழாயில் எண்ணெய்க்குப் பதில் மெத்தனாலோ அம்மோனியாவோ எரிபொருளாக வந்தாலும் பாடம் மாறாது.

சுற்றுச்சூழலைச் சொல்லாமல் விட்டால் நான் விற்பனை ஆள் ஆகிவிடுவேன். நைஜீரியாவின் ஒகோனி பகுதியை ஆராய்ந்த ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு, அங்கே மண்ணும் நீரும் மீள 25 முதல் 30 வருஷம் பிடிக்கும் என்று 2011ல் சொன்னது. எண்ணூரில் 2017ல் இரண்டு கப்பல் மோதியபோது கரையில் நின்றவர்கள் எண்ணெயை வாளியால் அள்ளியதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங்கில் தூர்வாரும் கப்பல் ஒன்று நின்றிருந்த எரிபொருள் கப்பலில் இடித்து, சுமார் 400 டன் கடலில் கொட்டி, செந்தோசாவிலிருந்து ஈஸ்ட் கோஸ்ட் வரை மணல் கறுத்துப் போனது. உங்கள் மகளுக்கு இந்தத் துறை பிடித்திருப்பது இதைத் தடுக்க ஆசைப்பட்டும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

இனி என் ஆலோசனை. டிப்ளோமாவில் கெமிக்கல் என்ஜினியரிங் தாராளமாகப் படிக்கட்டும், அது மருந்து, உணவு, தண்ணீர், செமிகண்டக்டர் என்று எங்கேயும் எடுபடும். பதினாறு வயதில் பெட்ரோலியம் என்ற ஒற்றைத் துறைக்குள் மட்டும் மாட்டிக்கொள்ள வேண்டாம், அப்படிப் படித்தவர்களுக்குத்தான் விலை விழும் வருஷத்தில் பட்டம் வாங்கினால் கஷ்டம். மண்ணும் பாறையும்தான் பிடிக்கும் என்றால் நன்யாங் பல்கலைக்கழகத்தில் புவி அறிவியல் இருக்கிறது, கரியமில வாயுவை நிலத்தடியில் புதைத்து வைக்கும் திட்டங்களுக்கும் அதே படிப்புதான் வேண்டும். வெளியேற்றும் கரியமில வாயுவுக்கு ஆலைகள் கட்டும் கரிம வரி 2024ல் டன்னுக்கு 25 வெள்ளி, 2026ல் 45 வெள்ளி, 2030க்குள் 50 முதல் 80 வரை போகும் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது, ஆகவே ஆலைக்குள் எவ்வளவு வெளியேறுகிறது என்று அளந்து குறைக்கத் தெரிந்தவர்களை நிறுவனங்கள் தேடத்தான் செய்யும். கம்ப்யூட்டர் மேல் உங்களுக்கு இருக்கும் ஆசைக்கு, பைத்தான் நிரல் மொழியும் தரவுப் பகுப்பாய்வும் பக்கத்தில் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள், துறையை மாற்ற வேண்டாம்.

நீங்கள் எழுதாமல் விட்ட கவலை ஒன்றும் எனக்குப் புரிகிறது, பொம்பளைப் பிள்ளை ராத்திரி ஷிப்டில் பாய்லர் சூட் மாட்டிக்கொண்டு நிற்பதா என்று. ஆய்வுக்கூடம், பாதுகாப்பு, வடிவமைப்பு என்று பகல் வேலைகளும் உண்டு. ஆனால் ஷிப்டு வேலையே அவளுக்குப் பிடித்துப்போனால் அதில் அலவன்ஸ் எவ்வளவு என்பதும் உடம்பு என்ன ஆகும் என்பதும் என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும், உள்ளதை உள்ளபடி அவளிடம் சொல்லுங்கள். வேதியியல், கணிதம் இரண்டிலும் மதிப்பெண் சுமார் என்றால் மட்டும் என்னிடம் திரும்பி வாருங்கள், அது வேறு பேச்சு.

ஜனவரியில் பாலிடெக்னிக்குகளில் ஓப்பன் ஹவுஸ் வரும். லீவு போட்டாவது அவளோடு போங்கள். போன வருஷ மாணவர்களை இன்டர்ன்ஷிப்புக்கு எந்தெந்த ஆலைக்கு அனுப்பினார்கள், அதில் எத்தனை இடம் எண்ணெய் சாராதது என்று அங்கே நிற்கும் விரிவுரையாளரிடம் அவளே கேட்கட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள்.