ஞாயிறு அணை நடைக்குப் போகலாமா?

தங்கச்சி, கல்யாணமாகி மூன்று மாதம் முன்புதான் மலேசியாவில் உள்ள கோலகுபு பாரு வந்ததாகவும், பக்கத்து வீட்டு ஆண்ட்டியின் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை அணைப் பக்கம் நடக்கக் கூப்பிடுவதாகவும் எழுதியிருந்தீங்க. யாரையும் தெரியாது, காடு என்றால் பயம், போகலாமா என்று கேள்வி. போங்க.

நான் புதுக்கோட்டைப் பக்கம். 22 வருஷத்துக்கு முன் என்னையும் இப்படித்தான் கூப்பிட்டார்கள். வேலைவெட்டி இல்லாமல் யாராவது நடப்பார்களா என்று ஒரு வருஷம் தட்டிக் கழித்தேன். விடியுமுன்னே ரப்பர் மரம் சீவப் போய்ப் பழகிய என் மாமியார், "சம்பளம் இல்லாம காட்டைச் சுத்தப் போறீங்களா?" என்று சிரிப்பார். முதல் தடவை வெள்ளை கேன்வாஸ் போட்டுப் போய், ஈர இலையில் வழுக்கி, ஊர்ப் பெண்கள் எல்லார் முன்னும் உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். அடுத்த வாரம் மாமியார் பேசாமல் தன் கறுப்பு ரப்பர் சப்பாத்தை என் முன் வைத்தார். அடியில் முள் முள்ளாக இருக்கும், தோட்டக்காரர்கள் போடுவது. கம்போங் அடிடாஸ் என்று கேளுங்க, பத்துப் பதினைந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும். விலை உயர்ந்த மலைச் சப்பாத்தெல்லாம் வேண்டாம்.

அட்டைக்குப் பயப்படாதீங்க, ஆனால் எதிர்பாருங்க. நீளக் காலுறைக்குள் கால்சட்டையைச் செருகி, ஊறவைத்த புகையிலைத் தண்ணியைக் காலுறையில் தடவினால் போதும், தோட்டத்துப் பழைய வழி அதுதான். கடித்துவிட்டால் ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, வலியும் அவ்வளவாக இருக்காது. அட்டை எச்சிலில் இருக்கும் ஒரு பொருள் ரத்தத்தை உறைய விடாது, அவ்வளவுதான்.

6 மணிக்குக் கிளம்புவோம் என்பார்கள், அப்போது கும்மிருட்டு. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து இங்கே விடியவே 7 ஆகிவிடும். மதியத்துக்கு மேல் இடிமழை வரும், அதனால்தான் இந்த அவசரம்.

ஃபிரேசர் மலைக்குப் போகும் சடக்கு அணை நீரின் ஓரமாகவே ஏறுகிறது. வார இறுதியில் மோட்டார்க்காரர்கள் பறப்பார்கள். வண்டி எதிரே வரும்படி வலப்பக்கம் நடங்க. இந்த அணை 2000-களின் தொடக்கத்தில் கோலாலம்பூர், சிலாங்கூர் தண்ணிக்காகக் கட்டியது. அதற்காக பெர்த்தாக், கெராச்சி என்ற இரண்டு தெமுவான் பழங்குடிக் கிராமங்களை இடம் மாற்றினார்கள். ஊரை ஒட்டிய அம்பாங் பெச்சா என்ற பெயருக்கே உடைந்த அணை என்றுதான் அர்த்தம். 1883-இல் பழைய அணை உடைந்து பழைய கோலகுபுவை வெள்ளம் அடித்தது. மாவட்ட அதிகாரி செசில் ரேங்கிங்கும் அதில் போய்விட்டார். பிறகும் ஈயச் சுரங்க மண் ஆற்றை மேடாக்கி வெள்ளம் ஓயாததால்தான் ஊரே இடம் மாறி 'பாரு', அதாவது புதிது, ஆனது. இது தெரியாமல் நான் பல வருஷம் அம்பாங் பெச்சா சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தேன்!

ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம். ஓடையில் கால் நனைக்கும்போது தண்ணி திடீரெனக் கலங்கி, இலை தழை அடித்து வந்தால், படம் எடுக்க நிற்காமல் கரையேறிவிடுங்க. மேலே மழை பெய்திருக்கும், இங்கே வெயில் அடிக்கும். இந்தத் திடீர் வெள்ளத்தைக் கெப்பாலா ஆயர் என்பார்கள். புக்கிட் குத்து மலை ஏறலாமா என்று யாராவது இழுத்தால், முதலில் வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று கேளுங்க. முதல் நாளே அது வேண்டாம்.

யாரையும் தெரியாது என்றீங்களே, நடையில் முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை, பக்கத்தில் நடந்தால் போதும். முதல் மேட்டிலேயே மூச்சு வாங்கும், அப்போது எந்த ஆண்ட்டி நிற்கிறாரோ அவரோடு சேர்ந்துகொள்ளுங்க. எனக்கு நின்றவர்தான் பிறகு என் மகளுக்குக் காதுகுத்து நடத்தி வைத்தார்.

முடித்ததும் எல்லாரும் ரொட்டி சானாய்க் கடையில் பசியாறுவார்கள். தேத்தண்ணி அதிகமாக இனிக்கும், சர்க்கரையும் பாலும் வேண்டாம் என்றால் தே ஓ கோசோங் சொல்லுங்க.